தேளி, கெளுத்தித் தொட்டிகளில் கோளாறு: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போக

கெண்டை வளர்ப்பவருக்குத் தண்ணீர் கெட்டால் விடிவதற்குள் தெரிந்துவிடும், மீன் மிதக்கும். தேளியும் நாட்டுக் கெளுத்தியும் வளர்ப்பவருக்கு அந்த வசதி கிடையாது. இரண்டுமே மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடுபவை. தேளிக்குச் செவுள் அறையிலிருந்து முதுகெலும்பை ஒட்டிப் பின்னால் நீளும் இரண்டு காற்றுப் பைகள். நாட்டுக் கெளுத்திக்குச் செவுளுக்கு மேலே குட்டி மரம் போலக் கிளைத்த உறுப்பு. தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் சமாளிக்கும். அம்மோனியா ஏறினால் தேளி அதை யூரியாவாக மாற்றி வெளியே தள்ளும்; மீன்களில் இது அபூர்வமான திறமை.

இந்தத் திறமைதான் நம்மை ஏமாற்றுகிறது. செங்குன்றம், மாதவரம், திருநின்றவூர் பக்கம் தார்ப்பாய்த் தொட்டி போட்டவர்களிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டால், "மீன் நல்லாத்தான சார் இருக்கு, ஒண்ணுகூடச் சாகலையே" என்பார்கள். சாகாது. ஆனால் ஈரல் கெடும், ஹார்மோன் சங்கிலி அறும், சினை நிற்கும். ஜூன், ஜூலையில் முட்டை விடவைக்கும் ஹார்மோன் ஊசியை எடுத்துக்கொண்டு உட்காரும்போதுதான், மார்ச்சிலிருந்து தொட்டியில் என்ன நடந்தது என்பது தெரியவரும். அதனால் கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் முதலில் தண்ணீரைப் பாருங்கள், மருந்துக் கடையைப் பிறகு பார்க்கலாம்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துக் கிட் போதும். பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு), அம்மோனியா, அது சிதைந்து வரும் நைட்ரைட் மூன்றும் வேண்டும். காலையில் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கும் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் பாசி வெயிலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிற்பகலில் பிஎச் ஏறும். 28 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஎச் 8-ல் அது 6 விழுக்காட்டைத் தாண்டும். 9-ல் சுமார் 40 விழுக்காடு. காலையில் பயமில்லாமல் இருந்த அதே 1 மி.கி. அம்மோனியா, மதியச் சாப்பாடு முடித்து வருவதற்குள் விஷமாகிவிடும்.

தொட்டியில் இருப்பது ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். அது நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன். அதற்கு வைத்தியம் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை.

அடிக்கடி மேலே வந்து காற்று குடிக்கிறது

மேலே வருவதே நோயல்ல. வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். வழக்கத்தைவிட அதிகமாக, எல்லா மீனும் சேர்ந்து வந்தால்தான் கோளாறு. ஏரேட்டரை அரை மணி நேரம் ஓட விடுங்கள். வரத்து குறைந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை, அவ்வளவுதான். குறையாவிட்டால் செவுளிலோ ரத்தத்திலோ பிரச்சினை.

ஒரு மீனை ஈரத் துண்டில் சுற்றிப் பிடித்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். தேளியின் பக்கத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் கையைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி அடங்கும், வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போங்கள். செவுள் பளிச்சென்ற சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ரத்தசோகை. சாக்லேட் நிறம் என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். செவுள் இழைகளுக்கு இடையே துருப்பிடித்த மாதிரி பழுப்புப் படிவு ஒட்டியிருந்தால் போர் தண்ணீரில் இரும்பு. குழாயிலிருந்து வரும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர், காற்றுப் பட்டதும் மஞ்சளாகித் துருவாகப் படியும். அந்த வேலை செவுள் மேல் நடக்கக் கூடாது. தனித் தொட்டியில் ஏற்றிக் காற்றடித்து, ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

செவுள் இழைகள் தடித்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொழகொழவென்று இருந்தால், நீண்ட நாளாக ஏதோ ஒரு மாசு அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அம்மோனியா, தாமிரம், துத்தநாகம், பூச்சிமருந்து எல்லாமே அங்கே ஏறக்குறைய ஒரே மாதிரி தழும்பைத்தான் விட்டுச் செல்கின்றன. செவுளை மட்டும் பார்த்து எது குற்றவாளி என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

தண்ணீரின் மேல்பரப்பையும் பாருங்கள். பம்பிலிருந்து கசிந்த எண்ணெய்ப் படலம் கெண்டையைவிடத் தேளிக்கு ஆபத்து, ஏனென்றால் அது அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டுதான் மூச்சு வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் பரவியதே, அந்த மாதிரி சமயங்களில் ஆற்றிலிருந்தோ கால்வாயிலிருந்தோ தண்ணீர் ஏற்றவே கூடாது.

ரத்தம் பழுப்பாக இருக்கிறது

வாலடியில் ஊசியால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். நல்ல ரத்தம் காற்றுப் பட்டதும் சிவக்கும். காபி டிக்காஷன் நிறத்திலேயே நின்றுவிட்டால் நைட்ரைட் வேலை. அது ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடுகிறது. மீன் எவ்வளவு காற்றை விழுங்கினாலும் சுமக்க வண்டி இல்லை.

நைட்ரைட் உள்ளே நுழைவது செவுளில் குளோரைடு நுழையும் அதே வாசல் வழியாக. தண்ணீரில் குளோரைடு நிறைய இருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. குறைந்தது 10 மடங்கு குளோரைடு வேண்டும். நைட்ரைட் லிட்டருக்கு 2 மி.கி. என்றால் குளோரைடு 20 மி.கி.; கல் உப்பில் 60 விழுக்காடு குளோரைடு என்று கணக்குப் போட்டால் 1,000 லிட்டருக்கு 33 கிராம் உப்பு. கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை. சில கிட்கள் நைட்ரைட்டை நைட்ரஜன் கணக்கில் காட்டும். அட்டையில் அப்படி எழுதியிருந்தால் எண்ணை 3.3-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் மூன்றில் ஒரு பங்கு உப்பைப் போட்டுவிட்டு "உப்பு வேலை செய்யலை" என்பவர்கள் நிறைய.

வேடிக்கை என்னவென்றால், கடற்கரைப் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று அலுத்துக்கொண்டு, ஆர்ஓ போட்ட தண்ணீரை மீனுக்கு விடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த லேசான உப்புதான் இத்தனை நாள் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

உப்பு முதலுதவி மட்டும்தான். தீனியை இரண்டு மூன்று நாள் நிறுத்தி, வடிகட்டியைப் பாருங்கள். வடிகட்டி ஸ்பாஞ்சைக் குளோரின் தண்ணீரில் கழுவி, நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியாவை நீங்களே கொன்றிருக்க வாய்ப்பு அதிகம்.

தீனி எடுக்கவில்லை, மீசை தேய்ந்திருக்கிறது, உடம்பெல்லாம் கோழை

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலானோர் தீனியின் பிராண்டை மாற்றுவார்கள். வீண் செலவு. கெளுத்திக்குக் கண் பெரிய உதவி இல்லை. அது மீசையால் ருசி பார்த்து இரை தேடும் மீன். மீசை முழுக்கச் சுவை மொட்டுகள். 1965-ல் அமெரிக்காவில் மஞ்சள் புல்ஹெட் என்ற கெளுத்தியை வைத்துப் பார்த்தார்கள். சலவைச் சோப்புப் பொருள் லிட்டருக்கு அரை மி.கி. இருந்தாலே அந்த மொட்டுகள் அரிக்கப்பட்டு, மீன் தீனியைக் கண்டுபிடிக்கத் தடுமாறியது. தீனி பிடிக்காமல் இல்லை, தீனி இருக்கும் இடமே அதற்குத் தெரியவில்லை.

பூதக்கண்ணாடியை வைத்து மீசை நுனியைப் பாருங்கள். ஊசி மாதிரி மெலிந்து முடிய வேண்டும். நுனி மழுங்கி வெள்ளையாக இருந்தால், அல்லது எட்டு மீசையும் ஒரே நீளத்துக்குக் குட்டையாகியிருந்தால், ரசாயனம். ஒன்றிரண்டு மட்டும் அறுந்திருந்தால் சண்டை, அல்லது சிமெண்ட் தரையின் சொரசொரப்பு.

சோப்பைக் கண்டுபிடிக்க, மூலத் தண்ணீரை பாட்டிலில் பாதி ஊற்றிக் குலுக்குங்கள். தொட்டித் தண்ணீரைக் குலுக்கக் கூடாது. மீனின் கோழையே அதில் நுரை தரும். கிணற்றுத் தண்ணீரின் நுரை சில நிமிடம் அடங்காமல் நின்றால் சாக்கடை கலக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரக் கிணறுகளில் இது ஆச்சரியமே இல்லை.

அடுத்த சந்தேகம் குளோரின். மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ, வாசனை வரவில்லை என்பது சான்று ஆகாது. செதில் இல்லாத மீன் என்பதால் தோல் முழுக்க எரிச்சல் தாக்கும், கோழை சுரக்கும். குளோரின் 1 மி.கி.-க்குச் சோடியம் தயோசல்பேட் 7 மி.கி. வீதம் போடுங்கள், 1,000 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் இருந்தால் 7 கிராம். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொன்ன அதே சாமான்.

பாசிக்கு மயில்துத்தம் போட்டீர்களா? அது தாமிர உப்பு. காரத்தன்மை குறைந்த தண்ணீரில் தாமிரம் பலமடங்கு கடுமையாகும். செவுள் உப்பைப் பிடித்து வைக்கும் சக்தியை இழக்கும். காரத்தன்மை லிட்டருக்கு 50 மி.கி.-க்குக் கீழே இருந்தால் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

தண்ணீரைச் சரிசெய்தால் மீசை திரும்ப வளரும்.

துடிக்கிறது, சுழல்கிறது, திடீரென்று பாய்கிறது

பூச்சிமருந்து. மாலத்தியான், டெமிஃபாஸ், குளோர்பைரிஃபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள் நரம்பில் அசிட்டைல்கொலினை உடைக்கும் என்சைமைக் கட்டிப்போடுகின்றன. நரம்புக்கு "போதும் நிறுத்து" என்ற சொல் போய்ச் சேராது, தசை ஓயாமல் துடிக்கும். பைரெத்ராய்டு வகைகள் வேறு வழியில் நரம்பைத் தாக்கினாலும் தொட்டியில் காட்சி அதேதான். மனிதருக்குப் பாதுகாப்பு என்று விற்கிற பைரெத்ராய்டு, மீனுக்கு மிகக் கொடியது.

எங்கிருந்து வந்தது? பக்கத்து வயலை மட்டும் பார்க்காதீர்கள். ஏரேட்டர் பம்ப் எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் ஊதுகிறது. அங்கே கொசு ஸ்பிரே அடித்தாலோ, தெருவில் கொசுப் புகை அடித்துக்கொண்டு போகும்போது ஜன்னல் திறந்திருந்தாலோ, பம்ப் அதை உறிஞ்சிக் கல் வழியாகக் குமிழ் குமிழாகத் தொட்டிக்குள் விடும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் பம்பை அணையுங்கள். மற்ற மீனுக்கு இப்படிச் சொல்லத் தயங்குவேன். தேளி ஒரு மணி நேரம் ஏரேட்டர் இல்லாமல் தாராளமாக இருக்கும்.

பாதிக்கும் மேல் தண்ணீரை மாற்றி, கரித்தூள் வடிகட்டி போடுங்கள். துடிப்பு நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கட்டுண்ட என்சைமுக்குப் பதில் உடம்பு புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த மீன்களை அந்தச் சமயத்தில் சாப்பாட்டுக்கு விற்காதீர்கள். தாய்மீன் என்றால் அந்தப் பருவத்துக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதுகு வளைந்த குஞ்சுகளுக்கும் இந்த மருந்துகள் காரணமாகலாம். ஆனால் அதற்கு முன், தீனி மூட்டை எவ்வளவு நாளாகத் தகரக் கொட்டகையில் வேகிறது என்று பாருங்கள். சென்னை வெயிலிலும் ஈரத்திலும் வைட்டமின் சி சீக்கிரம் அழியும். அது இல்லாவிட்டாலும் கெளுத்திக்கு முதுகெலும்பு வளையும், உடையும்.

அடிவயிறு மஞ்சளாக இருக்கிறது

கோழிக்கடைக் கழிவு போடுகிறீர்கள். கொழுப்பு கெட்டு ஈரல் போய்விட்டது. நிறுத்துங்கள்.

பருவம் வந்தும் சினை பிடிக்கவில்லை

இங்கேதான் பலரும் ஊசியைத் தேடுகிறார்கள். ஊசி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

நாள் நீண்டு தண்ணீர் சூடேறும்போது மூளை ஒரு ஹார்மோனை விடுகிறது. அது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டுகிறது. பிட்யூட்டரி சினைப்பைக்கு ஆள் அனுப்புகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் ஈரலுக்குப் போய் விட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைத் தயாரிக்கச் சொல்கிறது. அது ரத்தம் வழியாக முட்டைக்குள் சேர்ந்து மஞ்சள் கருவாகிறது. மாதக்கணக்கான வேலை. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கடைசியில் தெரிவது ஒன்றுதான்: வயிறு தட்டை.

மாசுகள் வெவ்வேறு கண்ணியில் வெட்டுகின்றன. நெரிசல், அம்மோனியா, அடிக்கடி வலை போடுவது எல்லாம் கார்ட்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோனை ஏற்றி முழுச் சங்கிலியையும் மந்தமாக்கும். மாலத்தியான் போன்றவை தேளியில் பிட்யூட்டரி, சினைப்பை இரண்டின் ஹார்மோன் அளவையும் குறைத்ததை நம் நாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. காட்மியம் கால்சியம் போகும் பாதையில் குறுக்கே நிற்கும். விட்டெல்லோஜெனின் கால்சியத்தைச் சுமக்கும் புரதம் என்பதால் அந்த அடி சினைக்கும் விழும். ஈரல் கெட்டால் மேலே எல்லாம் ஒழுங்காக இருந்தும் புரதம் தயாராகாது.

ஆகவே சோதனை: மெல்லிய குழாயைச் சினைத்துளை வழியாக விட்டுச் சில முட்டைகளை உறிஞ்சி வாட்ச் கிளாசில் போடுங்கள். தேளியின் முற்றிய முட்டை பசுமை கலந்த நிறத்தில், எல்லாம் ஒரே அளவில், தனித்தனியாக உருளும். சின்னதும் பெரியதுமாகக் கலந்து, வெளுத்து, ஒட்டிக்கொண்டு வந்தால் மஞ்சள் கரு சேரவில்லை. இந்த மீனுக்கு ஊசி போடாதீர்கள். ஊசி கடைசிக் கதவைத்தான் திறக்கும், மஞ்சள் கரு தராது. சுத்தமான தண்ணீர், குறைந்த நெரிசல், நல்ல புரதத் தீனி கொடுத்து அடுத்த பருவம் வரை பொறுப்பதுதான் வழி. கசப்பான பதில்தான்.

வயிறு பெருத்திருந்தும் குழாயில் தெளிந்த நீர் மட்டும் வந்தால் அது சினை இல்லை, நீர்கோத்தல். சிறுநீரகமோ பாக்டீரியாவோ காரணம். சந்தையில் "சினைத் தேளி" என்று விலை கூட்டி விற்பதில் இதுவும் இருக்கும், கவனம்.

சினை முற்றியிருக்கிறது, ஊசி போட்டும் முட்டை விடவில்லை

இது வேறு கதை. இங்கே தப்பு பெரும்பாலும் நம் கையில். தேளிக்கு ஊசி போட்டு முட்டை விடவைப்பது புதிதல்ல. எல். எஸ். ராமசாமியும் பி. ஐ. சுந்தரராஜும் 1950-களிலேயே செய்து காட்டினார்கள். கெண்டையில் ஹீராலால் சௌதுரி வெற்றி பெற்ற 1957 ஜூலை 10-ஐத்தான் மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். தேளியின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இப்போது எல்லாரும் கையில் எடுப்பது ஓவாப்ரிம். அதில் இரண்டு சாமான்: பிட்யூட்டரியைத் தட்டும் செயற்கை ஹார்மோன் மில்லிக்கு 20 மைக்ரோகிராம், கூடவே டொம்பெரிடோன் 10 மி.கி. வாந்திக்குத் தரும் அதே டொம்பெரிடோன்தான். மீன் மூளையில் டோபமைன் பிட்யூட்டரிக்குப் பிரேக் போடுகிறது. அந்தப் பிரேக்கை எடுப்பது இதன் வேலை. ஹார்மோனை மட்டும் தனியாக மலிவாக வாங்கிப் போட்டு ஏமாந்தவர்களுக்கு விடை இதுதான்.

அளவு கிலோவுக்கு அரை மில்லி. 100 கிராம் தேளிக்கு 0.05 மில்லி, அதாவது 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் இரண்டே கோடு. பெரிய சிரிஞ்சில் இதை அளக்கவே முடியாது. முதுகுத் துடுப்புக்குக் கீழே தசையில், ஊசியைச் சாய்த்துப் போட்டு, எடுத்ததும் விரலால் சில விநாடி அழுத்துங்கள். இல்லையென்றால் போட்டதில் பாதி வெளியே வழிந்துவிடும்.

போட்ட பின் ராத்திரி ஒரு மணிக்குப் போன் வரும்: "அண்ணே, இன்னும் ஒண்ணும் வரல, இன்னொரு ஊசி போட்டுடவா?" "வேணாம் தம்பி, தெர்மாமீட்டர் என்ன காட்டுது?" "இருபத்தி நாலு." "அப்ப விடியட்டும்." தண்ணீர் குளிர்ந்தால் நேரம் கூடும். அவசரப்பட்டுப் பிதுக்கினால் ரத்தத்தோடு முற்றாத முட்டை வரும், ஒன்றும் பொரிக்காது. மறு ஊசி மீனைக் கொல்லும்.

முன்கூட்டியே உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. எத்தனால் 6 பங்கு, ஃபார்மலின் 3 பங்கு, அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலந்து முட்டைகளை அதில் சில நிமிடம் போட்டால் முட்டை கண்ணாடியாகி உட்கரு தெரியும். உட்கரு நடுவில் இருந்தால் இன்னும் தயாரில்லை. ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் ஊசிக்குத் தயார். மாசில் வளர்ந்த மீன்களில் முட்டை பெரிதாக இருந்தும் உட்கரு நடுவிலேயே அடம்பிடிப்பதுண்டு. அதைப் பார்த்துவிட்டால் ஊசியைக் குளிர்பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

ஆண் மீனில் விந்து இல்லை

ஆணின் இனத்துளைக் காம்பு நீண்டு கூராக இருக்கும், பெண்ணுடையது உருண்டை. எல்லா மீனும் உருண்டையாகவே தெரிந்தால் பெண்கள் அதிகம் என்று மகிழ வேண்டாம். சாக்கடை கலந்த தண்ணீரில் கருத்தடை மாத்திரையின் ஈஸ்ட்ரோஜன், சோப்பு உடைந்து வரும் நோனைல்பினால், பிளாஸ்டிக்கின் பிஸ்பினால் ஏ எல்லாம் ஈஸ்ட்ரோஜன் வேடம் போடும். ஆண் மீனின் ஈரலிலும் விட்டெல்லோஜெனின் மரபணு இருக்கிறது, வழக்கமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். இந்தப் போலிகள் அதை எழுப்பிவிடும். ஆணின் ரத்தத்தில் சினைப் புரதம் இருந்தால் தண்ணீரில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது என்று உலகம் முழுவதும் எடுத்துக்கொள்வது இதனால்தான். விந்தகத்தை அறுத்துப் பாருங்கள் (கெளுத்தியில் பிதுக்கினால் விந்து வராது என்பதால் எப்படியும் அறுக்கத்தான் போகிறீர்கள்): நூல் மாதிரி மெலிந்து நிறமில்லாமல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

சரி, மீதைல்டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து ஆணாக்கலாமா என்று கேட்பார்கள், திலேப்பியாவில் செய்கிறார்களே என்று. அமெரிக்காவின் சேனல் கெளுத்திக் குஞ்சுகளுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தபோது கிடைத்தவை பெண்கள். உடம்பு அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டது. கெளுத்தியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

முட்டை கருவுற்றது, பொரிக்கவில்லை

தாமதமாகப் பிதுக்கிய முட்டையா, பூஞ்சையா என்று முதலில் தள்ளுங்கள்; பாதி இதிலேயே முடியும். இரண்டும் இல்லாமல், ஒரு குறிப்பிட்ட தாயின் முட்டைகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் வளைந்த குஞ்சாகப் போனால், அவள் உடம்பில் சேர்ந்த பாதரசமோ பழைய ஆர்கனோகுளோரின் வகைப் பூச்சிமருந்தோ மஞ்சள் கருவோடு முட்டைக்குப் போயிருக்கலாம். எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011-ல் தடை செய்தாலும் அதற்கு முந்தைய கணக்கு ஏரிச் சேற்றில் கிடக்கிறது. ஏரியில் பிடித்த தாய்மீனைவிடப் பண்ணையில் வளர்த்ததை நான் விரும்புவது இதனால்தான்.

பரிசோதனைக்கு அனுப்ப

வீட்டுக் கிட்டில் உலோகமும் பூச்சிமருந்தும் தெரியாது. மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. போவதற்கு முன் என்னென்ன சோதனை எடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். செத்த மீனைக் கொண்டு போகாதீர்கள். தடுமாறுகிற மீனை உயிரோடு, தொட்டித் தண்ணீரிலேயே எடுத்துப் போங்கள். மூலத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் தனித்தனி பாட்டிலில் வேண்டும். பூச்சிமருந்துக்குக் கண்ணாடி பாட்டில், உலோகத்துக்குப் பிளாஸ்டிக். மாற்றிப் போட்டால் முடிவு தப்பாக வரும். விளிம்பு வரை காற்றில்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்து, எடுத்த நேரத்தையும் அப்போதைய பிஎச்சையும் பாட்டில் மேலேயே எழுதுங்கள். உலோகத்துக்குச் சதையை மட்டும் கொடுத்தால் போதாது. ஈரலும் சிறுநீரகமும் கேளுங்கள், காட்மியம் போய் உட்காருவது அங்கேதான்.